அக்கா கல்யாணப் படத்துக்கு எழுத்துப் போட்ட கதை

மரக்காணம்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் தாய்மாமன் ஆரோக்கியராஜ் எழுதுவது. எல்லாம் நான் அன்றைக்கே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. உன் அம்மா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்வாள் என்றேன், செய்துகொண்டாள். உன் சித்தப்பா இன்னாசிமுத்து குறுக்கே நிற்பான் என்றேன், நின்றான். தெருவில் ஒருவரும் வரமாட்டார்கள் என்றேன், வரவில்லை. இதையெல்லாம் யாரிடம் சொன்னேன் என்று மட்டும் கேட்காதே. சொன்னேன்.

நீ நல்ல சுகமா? ஆந்திராக் காரம் வயிற்றை அறுக்காமல் இருக்க மோர் குடி. கன்னியர் மடத்தில் முதல் வருடம் போன் கிடையாது என்றதும் இங்கே எல்லோரும் ஐயோ என்றார்கள். நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். போனில் நான் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறார்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை. வருகிற கடிதங்களை மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவாராமே? பார்க்கட்டும். மதருக்கும் என் தோத்திரம்.

கல்யாணத்தைப் பற்றிக் கிறிஸ்துமஸுக்கே அம்மா உனக்கு எழுதினாள். நீ பதில் போடவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். மாயவனை உனக்குத் தெரியும், எங்கள் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஓட்டுகிறவர். எஞ்சினைத் தவிர வேறு யாரும் அவர் பேசிக் கேட்டதில்லை. இன்னாசிமுத்து வீடு வீடாகப் போய், "எங்க அண்ணன் லூர்துசாமி செத்துட்டாரு, நான் சாவல. எவனாவது அந்தக் கல்யாணத்துக்குப் போனீங்க, அப்புறம் எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டான். படம் எடுக்கிற மணிவண்ணன்கூட, "அண்ணே, நாளைக்கு நான் உங்க தெருவுல தொழில் பண்ணணும்ணே" என்று கேமராவைப் பூட்டி வைத்துவிட்டான். கடைசியில் வந்தது நானும் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளும் மாயவனோடு வேலை செய்கிற இரண்டு பேரும்தான்.

ஆகவே என் போனிலேயே நான் படம் எடுத்தேன். நான் போனைப் பிடித்த தோரணையைப் பார்த்து அங்கிருந்த அதிகாரி, "சார் எந்த டிவி?" என்றார். இப்போது எடிட்டிங் நடக்கிறது. எஃபெக்ட், எழுத்து, சங்கீதம் எல்லாம் என் கை. முடிந்ததும் நம் தெருவிலேயே, வெள்ளையடித்த என் வீட்டுச் சுவரில் போட்டுக் காட்டப் போகிறேன். கல்யாணத்துக்கு வராதவன் படத்துக்கு வரட்டும்.

உன்னிடம் ஒன்று வேண்டும். நம் தெருவில் எந்த விசேஷப் படமானாலும் கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் வாழ்த்து எழுத்தில் வரும். அது வராவிட்டால் படம் முழுவதையும் விட்டுவிட்டு, "புள்ளைங்க பேர் ஏன் வரல?" என்பதைத்தான் ஒரு வருடத்துக்குப் பேசுவார்கள். உன் அம்மாவுக்கு இருப்பது நீ ஒருத்தி. இரண்டு வரி அனுப்பு.

எல்லா ஆசிகளுடன்,
தாய்மாமன், தயாரிப்பாளர், இயக்குநர்
ஆரோக்கியராஜ்


நவதுறவியர் இல்லம்
5 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சேசுவின் சமாதானம் உங்களுக்கு உண்டாவதாக. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொளஞ்சியம்மா ஆயாவின் கண்ணுக்கு மருந்து விடுகிறார்களா? நம் வீட்டு வெள்ளாடு குட்டி போட்டுவிட்டதா?

இன்று திருநீற்றுப் புதன். இங்கே தவக்காலத்தில் அதிகம் எழுத மாட்டோம். என் பெயரை எந்தப் படத்திலும் போட வேண்டாம்.

தங்கள்
சகாயசெல்வி


மரக்காணம்
22 மார்ச் 2025

அன்புள்ள செல்விக்கு,

என் முழங்கால் சுகம், கொளஞ்சியம்மாளின் கண் சுகம், ஆடு இரண்டு குட்டி போட்டுச் சுகம். நீ கேட்காத ஒருத்தியும் சுகம்.

படம் வளர்கிறது. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் இந்த வேலையை எப்படிக் கற்றான் என்று மணிவண்ணனே மண்டையைச் சொறிகிறான். மாலை மாற்றும் இடத்தில் இருபக்கமும் ரோஜா இதழ் கொட்டுகிறது. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா முனையிலிருந்து மின்னல் கிளம்புகிறது. கொளஞ்சியம்மாள் லட்டு வாங்கும் காட்சியை ஸ்லோமோஷனில் வைத்தேன். பார்த்துவிட்டுக் கிழவி, "ஏம்பா, நான் என்னமோ திருடிட்டுப் போற மாதிரி இருக்குதே, சீக்கிரம் வுடு" என்றாள். வேகமாக விட்டால் இன்னும் திருடியது போல இருக்கிறது. அப்படியே வைத்துவிட்டேன்.

முதல் எழுத்தில்தான் சண்டை வந்தது. பெண்ணின் பெயரோடு ஒரு ஆண் பெயரைச் சேர்த்துப் போடுவதுதானே வழக்கம்? லூர்துசாமி பெயரைப் போடுவதா, மாயவன் பெயரைப் போடுவதா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் விஷயம் தெரிந்து இன்னாசிமுத்து வாசலுக்கு வந்துவிட்டான். "எங்க அண்ணன் பேர் அதுல வந்தா செவுத்த இடிச்சிடுவேன்" என்றான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உன் அம்மா நிமிரவில்லை. "டேய் ஆரோக்கியம், என் பேருக்கு முன்னாடியும் எவன் பேரும் வேணாம், பின்னாடியும் வேணாம். சகாயமேரின்னு போடு. பெருசா போடு" என்றாள். போட்டேன். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரும்.

இன்னொரு சண்டை மழைக்காக. கல்யாணம் முடிந்து இருவரும் உப்பளத்து வரப்பில் நடந்து வருவதை எடுத்திருந்தேன். வெயிலில் பாத்தியெல்லாம் பளபளவென்று நல்ல காட்சி. அதற்கு மேல் மழை எஃபெக்ட் போட்டு, கூடவே இடிச் சத்தமும் சேர்த்தேன். சினிமாவில் ஜோடி சேர்ந்தால் மழை பெய்ய வேண்டும், அது சட்டம். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உப்பளத்துல மழ வந்தா நாங்க கட்டிப்புடிச்சிகிட்டுப் பாடுவமாடா? தார்ப்பாயத் தூக்கிகிட்டு ஓடுவோம். ஒரு மழைக்கு ஒரு வாரக் கூலி போயிடும். எடுடா அத!" நான் எடுக்கவில்லை. கலைஞன் என்றால் ஒரு பிடிவாதம் வேண்டும்.

கடைசியில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். உன் பெயரைப் போடாதே என்று எழுதியிருந்தாய். அது தவக்காலத்துக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டேன். ஈஸ்டருக்குப் பிறகு என்ன சொல்கிறாய்?

மதருக்கும் நமஸ்காரம் சொல்லி முடிக்கும்,
மாமா


மரக்காணம்
5 மே 2025

அன்புள்ள செல்விக்கு,

ஈஸ்டர் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மதர் என் கடிதத்தை ரசித்துப் படித்துக்கொண்டு உன்னிடம் தர மறந்துவிட்டாரோ என்றும் நினைத்தேன்.

படம் போட்டாயிற்று. சனிக்கிழமை இருட்டியதும் ஆரம்பம். புரொஜெக்டர் கோட்டக்குப்பம் லியாகத் அலி பாய் கொடுத்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். உன் அம்மா புதுப்புடவை கட்டி முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாயவன், அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள். மற்ற நாற்காலியெல்லாம் காலி. இன்னாசிமுத்து உத்தரவு: படம் ஓடும்போது எவனும் கதவைத் திறக்கக் கூடாது. தெரு இரண்டு பக்கமும் கதவு சாத்திக் கிடந்தது. நான் அம்மாவிடம், "இன்னொரு நாள் வெச்சிக்கலாமா?" என்றேன். "யாருக்காவ? போடு. நான் பாக்கறேன்" என்றாள்.

போட்டேன். அவள் பெயர் சுவர் முழுக்க வந்தது. இதழ் கொட்டியது. மின்னல் அடித்தது. ஒரு கதவு திறக்கவில்லை. பிறகு அந்த வரப்புக் காட்சி வந்தது. சத்தத்தை முழுசாகத் திருப்பினேன். மழை கொட்டுகிறது, இடி இடிக்கிறது. செல்வி, நான் சொல்வது சத்தியம், அந்த இடிக்குத் தெருவே வெடித்துத் திறந்தது! மே மாதம், அறுவடை நேரம், உப்பு அம்பாரம் எல்லாம் திறந்து கிடக்கிறது. உள்ளே படுத்திருந்தவர்களுக்குப் படமா நிஜமா என்று எப்படித் தெரியும்? "மழ வந்துருச்சி, மழ!" என்று ஆளுக்கொரு தார்ப்பாயோடு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் யார் தெரியுமா? உன் சித்தப்பாதான். லுங்கியை மடித்துக்கட்டி, தலையில் நீலத் தார்ப்பாயைச் சுமந்துகொண்டு நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்க்கிறான். வானத்தில் நட்சத்திரம். சுவரில் மழை. உன் அம்மா, "உக்காருங்க கொழுந்தனாரே, நனையாது" என்றாள்.

மாயவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் தொடங்கியதும் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். வெளியே வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. தார்ப்பாயைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னாசிமுத்து நின்றுகொண்டே பார்த்தான். பிறகு அவனும் ஓரமாக உட்கார்ந்தான்.

கடைசி எழுத்து உன்னுடையது. நீ அனுப்பாததால் நானே எழுதிப் போட்டுவிட்டேன். "என்னைப் பெற்றெடுத்த தெய்வத்தாயே! உன் மணவாழ்வு மலர மடத்திலிருந்து மனமார வாழ்த்துகிறேன். இங்ஙனம், உன் அன்பு மகள் அருட்சகோதரி சகாயசெல்வி." தங்க எழுத்து. இரண்டு பக்கமும் புறா பறக்கும். தெருவே அழுதது.

வெற்றிக் களைப்பில்,
மாமா


நவதுறவியர் இல்லம்
16 மே 2025

மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இன்று அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். நான் இன்னும் அருட்சகோதரி ஆகவில்லை. துறவற வார்த்தைப்பாடு கொடுக்காதவள் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தெய்வத்தாயே என்று நான் என் வாழ்நாளில் அம்மாவைக் கூப்பிட்டதுண்டா? நான் சொல்லாத வார்த்தையைத் தெருவே கேட்டு அழுதிருக்கிறது. சித்தப்பா நான் சம்மதித்துவிட்டதாக நினைத்திருப்பார். அவர் எனக்கும் எழுதியிருந்தார், நான் கண்டித்து எழுதினால் அம்மா அந்த ஆளை விட்டுவிடுவாள் என்று. அவருக்கும் நான் பதில் போடவில்லை. யாருக்கும் போடாமல் இருந்தது ஏன் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா?

மடத்துக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் கேட்டேன், நான் போனால் நீ தனியாகிவிடுவாயே என்று. "எனக்கு என்னா, உப்பு இருக்குது, வேல இருக்குது, போ" என்றாள். அதை நம்பாமல்தான் கிளம்பினேன். அம்மாவைத் தனியாக விடாதேயும் ஆண்டவரே என்று தினமும் மன்றாடினேன். அந்த ஜெபம் கேட்கப்பட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. இதை நான் மதரிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அந்த வாழ்த்து சுவரில் வந்தபோது அம்மா என்ன செய்தாள்? உங்கள் புறா, மின்னல் எதுவும் வேண்டாம். இது ஒன்றை மட்டும் உள்ளபடி எழுதுங்கள்.

செல்வி


மரக்காணம்
25 மே 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கவரே சூடாக இருந்தது. தபால்காரர் கையை ஊதிக்கொண்டே கொடுத்தார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஊரெல்லாம் சாத்திய கதவை ஒரு இடியால் திறந்தவன் நான். உன் சித்தப்பாவை இப்போது எல்லோரும் "தார்ப்பாய்" என்று கூப்பிடுகிறார்கள். போன ஞாயிறு கோயிலுக்கு உன் அம்மா மாயவனையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. மாயவன் எப்போது எழுவது என்று தெரியாமல் எல்லோரும் எழுந்த பிறகும் முழந்தாளிட்டிருந்தார். அது கூடுதல் பக்தி என்று நான் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினேன்.

உன் அம்மா என்ன செய்தாள் என்று கேட்டிருக்கிறாய். உள்ளபடி எழுதுகிறேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

கோபப்பட்டாலும் சாப்பிடு.
மாமா


மரக்காணம்
8 ஜூன் 2025

அன்புள்ள மகள் செல்விக்கு அம்மா எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் நல்லா அடிக்குது, உப்பு நல்லா விளையுது. எனக்குக் கால் விரலில் உப்பு அரித்த புண் இந்த வருடம் குறைவு. அவர் மெட்ராஸ் போனபோது ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். முதலில் போட்டுக்கொள்ள வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

மாமன் உனக்கு எழுதுகிறான் என்று தெரியும். அவன் எழுதுவதைத் தண்ணீரில் அலசிவிட்டுப் படி.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நான் தப்பு செய்யவில்லை. உன் அப்பாவோடு வாழ்ந்தது பொய்யும் இல்லை, இது பொய்யும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு உனக்கு எழுதியது அனுமதி கேட்டு இல்லை, நீ வெளியாள் மூலமாகக் கேள்விப்படக் கூடாது என்றுதான். நீ மடத்துக்குப் போகும்போது என்னிடம் அனுமதி கேட்டாயா? சொல்லிவிட்டுப் போனாய். நான் பை எடுத்துக் கொடுத்தேன்.

உன் இஷ்டத்துக்கு எழுது. எழுதாவிட்டாலும் நீ என் மகள்தான்.

அம்மா
சகாயமேரி


நவதுறவியர் இல்லம்
29 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு இடிக்கும் சித்தப்பா தார்ப்பாயோடு ஓடுவது ஞாபகம் வந்து ஜெபத்தில் சிரித்துவிடுகிறேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். இப்போது மடமே சிரிக்கிறது.

அம்மா எழுதியிருந்தாள். அந்த வாழ்த்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அது நான் எழுதியதில்லை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். தெரிந்தும் அவள் உங்களை ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

சித்தப்பாவுக்கு நேற்று எழுதிவிட்டேன். என் அம்மாவின் கல்யாணத்தைக் கலைக்க என்னைக் கூப்பிட வேண்டாம், அப்பா இருந்தால் அவரும் உங்கள் பக்கம் நிற்கமாட்டார் என்று. மதரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். படித்துவிட்டு ஒரு தபால்தலை கொடுத்தார்.

அந்தத் தங்க எழுத்தை அழித்துவிட்டு, இதைப் போடுங்கள். புறா வேண்டாம். இதழ், மின்னல், சங்கீதம் எதுவும் வேண்டாம். கறுப்பில் வெள்ளை எழுத்து. ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

"அம்மா, நீ என்னைக் கேட்காமல் செய்தது எனக்குக் கோபம். செய்தது சரி. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வந்து பார்த்துச் சொல்கிறேன். செல்வி."

இதைத் தெருவில், எல்லோர் முன்னாலும் போட வேண்டும்.

அன்புடன்
செல்வி


மரக்காணம்
20 ஜூலை 2025

அன்புள்ள செல்விக்கு,

நல்ல சுகம். நீயும் அப்படியே இருப்பாய்.

போட்டேன். சனிக்கிழமை, அதே சுவர். இந்தத் தடவை நாற்காலி போதவில்லை. உன் சித்தப்பா தன் வீட்டிலிருந்தே ஸ்டூல் கொண்டுவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். உன் கடிதம் அவனுக்கு வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மழைக் காட்சியை இரண்டு தடவை போடச் சொன்னார்கள். மூன்று தடவை போட்டேன்.

பிறகு உன் எழுத்து. நீ சொன்னபடி கறுப்பில் வெள்ளை, ஓரத்தில் ஒரே ஒரு சின்ன நட்சத்திரம் வைக்கக் கை துடித்தது, வைக்கவில்லை. கொளஞ்சியம்மாளின் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது என்று உன் அம்மாதான் சத்தமாகப் படித்தாள். கோபம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மாயவன் பக்கம் திரும்பினாள். "கோவமாம், பாத்தீங்களா? இது எம் பொண்ணு எழுதினதுதான்" என்றாள். அப்போதுதான் அழுதாள். சும்மா இல்லை, மூக்கைச் சிந்தி, புடவையில் துடைத்து, முழுசாக அழுதாள். மாயவன், "என்னா வேணா கூப்புடட்டும்" என்றார். அது அவருக்குப் பெரிய பிரசங்கம்.

இனி நான் சொல்லப் போவதை மதர் படித்தால் படிக்கட்டும். முதல் தடவை போட்ட படத்தில் உன் வாழ்த்தே கிடையாது. தங்க எழுத்து, புறா, தெருவே அழுதது, எல்லாம் நான் உனக்காகக் கட்டியது. பேசாமல் இருந்தவளைப் பேச வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உனக்குக் கோபம் வந்தால் பக்கம் பக்கமாக எழுதுவாய் என்று மட்டும் தெரியும். இதற்கும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அந்த வாழ்த்தை எழுதி வைத்தது என்னவோ நிஜம். படம் போடும் அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் காட்டினேன். படித்தாள். "அவ சொன்னாளா?" என்றாள். "சொல்லுவாக்கா" என்றேன். "சொல்றப்ப போடு. இப்ப அழி. அவ பேசாததுக்கு நீ வாய் வெக்காத" என்றாள். அழித்தேன். அப்படியானால் இழுத்து ஒட்டி, முந்தின காட்சியோடு முடித்துவிடட்டுமா என்றேன். "ஒட்டாத. அந்த எடத்தக் காலியா வுடு" என்றாள்.

விட்டேன். அன்று ராத்திரி படத்தின் கடைசியில் சங்கீதம் நின்றது. சுவர் கறுப்பானது. எழுத்து இல்லை, சத்தம் இல்லை. புரொஜெக்டரின் காற்றாடிச் சத்தம் மட்டும். யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னாசிமுத்து எழுந்து தார்ப்பாயை உதறி, "என்னாடா, முடிஞ்சிதா?" என்றான்.

உன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடியல. அது எம் பொண்ணு பேசற எடம். உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தான். தெருவே உட்கார்ந்து அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் எந்த எஃபெக்டும் சேர்க்காத,
உன் தாய்மாமன்
ஆரோக்கியராஜ்